தங்கத்தை நகர்த்தியது உப்பும் மிளகும்தான்

"பழங்காலப் பேரரசுகள் தங்கத்தை நிஜமாகவே வியாபாரம் செய்தனவா, இல்லை படையெடுத்துப் பிடுங்கிக்கொண்டதுதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிடுங்கியதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கொள்ளை ஒரு தடவை நடக்கும், வியாபாரம் வருஷா வருஷம் நடக்கும், அதனால் என் கண் எப்போதும் தங்கத்துக்கு மாற்றாகக் கைமாறிய சரக்கின் மேல்தான் போகும்.

முதலில் உப்பு. மேற்கு ஆப்பிரிக்காவில் பம்புக், பூரே பக்கம் தங்கம் கிடைத்தது, உப்புக்குத்தான் பஞ்சம். சகாரா நடுவில் தகாஸாவில் நேர்மாறு, உப்பைத் தவிர ஒன்றுமில்லை. 1352ல் அங்கே போன மொராக்கோப் பயணி இப்னு பதூதா, வீடுகளையே உப்புப் பாளத்தால் கட்டி ஒட்டகத் தோலால் கூரை போட்டிருந்தார்கள் என்கிறார். சாப்பிடப் பேரீச்சம்பழமும் தானியமும்கூட வெளியிலிருந்து வர வேண்டும். அந்த உப்பில் ஒரு சுமை, சகாராவின் தெற்கு ஓரச் சந்தை ஊரான வலாட்டாவில் 8 முதல் 10 மித்கால் தங்கத்துக்குப் போனது, அதையே மாலித் தலைநகர் வரை கொண்டுபோனால் 20, 30, சில சமயம் 40 மித்கால். ஒரு மித்கால் ஏறக்குறைய 4.25 கிராம், கணக்குப் போட்டால் ஒரு சுமை உப்புக்கு 170 கிராம் தங்கம் வரை!

இந்த வழியில் உட்கார்ந்திருந்த அரசர்களுக்குச் சுங்கமே போதும். அன்றைய கானா அரசர் (இன்றைய கானா நாடு அல்ல, அதற்கு வடமேற்கே வெகு தூரம்) உள்ளே வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் 1 தினார் (பொற்காசு), வெளியே போவதற்கு 2 தினார் வாங்கினார் என்று 11ஆம் நூற்றாண்டில் அரபுப் புவியியலாளர் அல்-பக்ரி எழுதினார். தங்கம் கட்டியாக அகப்பட்டால் அரசருக்கு, தூள் மட்டும் மக்களுக்கு. எல்லாம் சந்தைக்கு வந்தால் விலை விழுந்துவிடும் என்ற பயம்.

அந்தப் பயம் வீண் இல்லை என்பதற்குக் கெய்ரோ சாட்சி. 1324ல் மாலி மன்னர் மன்சா மூசா மெக்கா போகும் வழியில் அங்கே தங்கத்தை வாரி இறைத்தார். 12 வருஷம் கழித்து அங்கே விசாரித்த அரபு எழுத்தாளர் அல்-உமரி, முன்பு 25 திர்ஹமுக்குக் (வெள்ளிக்காசு) குறையாத மித்கால் 22க்கும் கீழே இறங்கி அப்படியே கிடப்பதாகப் பதிவு செய்தார். 'எகிப்தின் பொருளாதாரத்தையே அழித்தார்' என்று இணையத்தில் எழுதுவதெல்லாம் கொஞ்சம் ஓவர், சரிவு பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். எனக்குச் சுவாரசியம் அதற்கு அடுத்தது: திரும்பி வரும்போது கைக்காசு தீர்ந்து, அதே கெய்ரோ வியாபாரிகளிடம் கொள்ளை வட்டிக்குக் கடன் வாங்கினார்.

சரி, இன்னும் ஆயிரத்து இருநூறு வருஷம் பின்னால் போவோம். யவனர் (கிரேக்க, ரோம வணிகர்) கப்பல் கேரளக் கரையின் முசிறித் துறைமுகத்துக்குப் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு, கறி என்றால் மிளகு. இதே வியாபாரத்தை ரோமிலிருந்து பார்த்த எழுத்தாளர் பிளினி, இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸை (ரோமக் காசு) உறிஞ்சுவதாகப் புலம்பினார். அந்தப் புலம்பலைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ரோம அரசு அந்தச் சரக்குக்கு நாலில் ஒரு பங்கு சுங்கம் வசூலித்ததை விட்டுவிடுகிறார்கள். முசிறி வணிகம் பற்றிய 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்றில் ஹெர்மபோலன் என்ற ஒரே கப்பலின் சரக்கு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ். இப்படி எத்தனை கப்பல் வந்திருக்கும், கஜானா ஒன்றும் அழவில்லை.

இங்கே வந்த காசு என்ன ஆனது? 1898ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன, பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே உளி வெட்டு. காரணம் பற்றிப் பல கருத்து உண்டு. முகம் யாருடையது என்று இங்கே யாரும் கவலைப்படவில்லை, எடையும் தங்கத்தின் தரமும் போதும் என்றிருந்தார்கள் என்பது என் எண்ணம்.

அப்புறம் ஐரோப்பா. மேற்கு ஐரோப்பா நெடுங்காலம் வெள்ளியிலேயே காலம் தள்ளியது. 1252ல் ஜெனோவாவும் ஃபுளோரன்சும், 1284ல் வெனிசும் பொற்காசு அடிக்கத் தொடங்கின, அந்தத் தங்கத்தில் பெரும்பங்கு வட ஆப்பிரிக்கத் துறைமுகங்கள் வழியாக வந்த சகாராவைத் தாண்டி வந்த அதே மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம். இடையில் இத்தனை தரகர் எதற்கு என்று கடல் வழியே சுற்றிப்போன போர்த்துகீசியர் 1482ல் இன்றைய கானா நாட்டுக் கடற்கரையில் உள்ள எல்மினாவில் கோட்டை கட்டி, துணியையும் பித்தளை வளையத்தையும் இறக்கிவிட்டுத் தங்கத்தை ஏற்றிக்கொண்டார்கள், ஒட்டகமே இல்லாமல்.