ஓராண்டு நிழற்குடை: கேள்வி பதில்

பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டும் ஓராண்டுக்கு மட்டும் ஒரு பயணியர் நிழற்குடை. அதை மூங்கில், சவுக்கு, பழைய ஓடு, பழைய செங்கல் கொண்டு எழுப்ப முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூரை 3 மீட்டருக்கு 6 மீட்டர் என்ற அளவை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

சார், எந்தப் பொருளில் இருந்து தொடங்குவது?

பொருளை விடுங்கள், முதலில் இணைப்பைத் தீர்மானியுங்கள். நம் பந்தல்காரர்கள் சவுக்குக் கம்பைக் கயிற்றால் கட்டுகிறார்கள். அதனால்தான் இன்று கல்யாணத்தில் நின்ற கம்பு அடுத்த வாரம் திருவிழாவில் நிற்கிறது. 2017இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் ஒரு வடிவமைப்பு விழாவுக்காக எழுந்த பீப்பிள்ஸ் பெவிலியன் என்ற தற்காலிக அரங்கமும் இதே வழிதான். பொருட்களை இரவல் வாங்கி, பசையோ திருகோ இல்லாமல் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, விழா முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆணி ஓட்டை விழுந்த மரத்தை யாரும் ஆசையாகத் திரும்ப வாங்க மாட்டார்கள். ஆனால் ஓராண்டு மழை வெயிலுக்கு நார்க்கயிறு தாங்காது. லாரியில் சுமை கட்டும் பட்டையைப் போட்டு, மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

மூங்கில் உளுத்துப் போகாதா அண்ணா?

மாவுச்சத்தைத் தேடித்தான் உளுப்பூச்சி வருகிறது. நன்கு முற்றிய மூங்கிலை வெட்டி, வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவையுங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும் என்பதால், கூரையைச் சுற்றிலும் நன்றாக வெளியே நீட்டுங்கள். கால்களை மண்ணில் புதைக்காமல் கல்மேல் நிறுத்துங்கள். சவுக்குக்கும் அப்படியே.

கூரைக்குத் தென்னங்கீற்று போடலாமா? குளிர்ச்சியாக இருக்குமே.

வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். கூட்டம் நிற்கும் இடத்தில், ஒரு பீடி நெருப்பு போதும். எனக்குக் கீற்று மிகவும் பிடிக்கும். ஆனாலும் இந்தக் கட்டடத்துக்கு இடித்த வீட்டு மங்களூர் ஓடுதான் என் தேர்வு. ஓடுகளைக் கம்பியால் கட்ட மறக்காதீர்கள்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடைக்கிறது...

தொடாதீர்கள். அறுத்தாலோ உடைத்தாலோ அதன் இழைகள் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும்.

தகரம் போடுகிறோம். பறந்துவிடுமா?

பறக்கும். மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 30 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 55 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரும். மேல்நோக்கித் தூக்கும் விசையும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், உங்கள் 18 சதுர மீட்டர் கூரைக்குக் கிட்டத்தட்ட 1 டன். நிழற்குடை பக்கமெல்லாம் திறந்தது. காற்று உள்ளே புகுந்து கீழிருந்தே தூக்கும். பள்ளம் தோண்டிக் கான்கிரீட் போட முடியாத இடமென்றால் அந்த எடையைக் கால்களில் கட்டியாக வேண்டும்: 50 கிலோ மணல் மூட்டை என்றால் 20. பழைய கருங்கல் இன்னும் நல்லது, பயணிகள் உட்காரவும் ஆகும். கடலோர ஊர் என்றால் இந்தக் கணக்குப் போதாது, பொறியாளரிடம் காட்டாமல் நிறுத்தாதீர்கள்.

காளான் செங்கல் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

பயிர்க் கழிவில் காளானின் வேர் போன்ற இழைகளை வளர்த்து இறுக வைத்த கட்டிதான் அது. 2014இல் நியூயார்க்கில் அதை வைத்து ஒரு கோபுரமே கட்டினார்கள், ஒரு கோடைக்காலத்துக்கு. நம் ஐப்பசி மழையில் வெளியே வைக்க நான் சொல்லமாட்டேன்.

தரைக்கு?

பழைய செங்கல்லை மணல்மேல் அடுக்குங்கள், சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பில் கட்டிய பழைய சுவர் கிடைத்தால் விடாதீர்கள். சுண்ணாம்பு தட்டினால் உதிரும். சிமெண்டோ, செங்கல்லையும் சேர்த்து உடைக்கும். சக்கர நாற்காலி ஏற ஒரு பக்கம் சரிவாக விடுங்கள்.