போர்ட் திறந்தும் இணைப்பு வரவில்லையா?

கேள்வி: அலுவலகத்திலிருந்து வீட்டுக் கணினியை இயக்க வயர்கார்ட் என்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) மென்பொருளை நிறுவினேன். ரவுட்டரில் அதற்கான போர்ட் (வெளி இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்தும் பயனில்லை. ஏன்?

பதில்: முதலில் வீட்டு ரவுட்டரின் வேன் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தந்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், இணைய நிறுவனம் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து வரும் பாக்கெட் (தகவல் துண்டு) உங்கள் ரவுட்டரையே எட்டாது. நீங்கள் திறந்த போர்ட்டுக்கு அங்கே வேலையில்லை. நிறுவனத்திடம் உங்களுக்கெனப் பொது ஐபி முகவரி கேளுங்கள். இரு பக்கமும் ஐபிவி6 (ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் புதிய முறை) இருந்தால் அதைவிட நல்லது: ஃபயர்வாலில் வயர்கார்டின் வழக்கமான போர்ட்டான யூடிபி 51820-ஐ மட்டும் அனுமதித்தால் போதும்.

இரண்டுக்கும் வழியில்லையா? டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைகள் இரு கணினிகளின் வெளி முகவரியையும் போர்ட்டையும் கண்டறிந்து, ஒன்றுக்கொன்று பாக்கெட் அனுப்பவைத்துப் பாதை திறக்கும். சேருமிடத்துக்கேற்ப வெளிப் போர்ட்டை மாற்றும் ரவுட்டர்கள் இரு முனையிலும் இருந்தால் இது பெரும்பாலும் தோற்கும். அப்போது தகவல் இடையில் நின்று கடத்தும் ரிலே சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், வேகம் குறையும்.

இணைப்பு கிடைத்து, சும்மா இருக்கும்போது அறுந்தால் வீட்டுக் கணினியின் வயர்கார்ட் அமைப்பில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவை (இணைப்பு அறாதிருக்கச் சிறு பாக்கெட் அனுப்பும் இடைவெளி) 25 வினாடி ஆக்குங்கள். இரு இடத்திலும் உள் முகவரிகள் 192.168.1 வரிசையிலேயே இருந்தால், வீட்டு உள் முகவரியால் அணுக ஒன்றை மாற்றியாக வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பின் போர்ட்டான 3389-ஐ மட்டும் இணையத்துக்கு நேரடியாகத் திறக்கவே வேண்டாம்.