வெட்டுப்பட்ட காட்சிகள்

கேள்வி: ஜேம்ஸ் காக்னி நடித்த அமெரிக்கக் குற்றக்கும்பல் படமான ‘தி பப்ளிக் எனிமி’யின் பழைய பிரதிகளில் காணப்படாத சில காட்சிகள் டி.வி.டி.யில் உள்ளனவே, அவை பின்னாளில் சேர்க்கப்பட்டவையா?

பதில்: இல்லை, 1931இல் வில்லியம் வெல்மன் இயக்கத்தில் படம் வெளியானபோதே இருந்தவைதாம் அவை. அமெரிக்காவில் திரைப்படத் தணிக்கை விதிகள் 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்ததால், 1941இல் மறுவெளியீடு செய்தபோது, தையற்காரர் நாயகனுக்கு அளவெடுக்கும் காட்சி உட்பட மூன்று இடங்களில் கத்தரி வைத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் அந்தக் குறைப்பிரதியே புழக்கத்தில் இருந்தது. வார்னர் நிறுவனம் 2005இல் வெளியிட்ட டி.வி.டி.யில்தான் அவை மீண்டும் இடம்பெற்றன. பின்னர் வந்த புளூ-ரேயிலும் உள்ளன.

வாங்குவதென்றால் இந்த மீட்கப்பட்ட பதிப்பையே வாங்குங்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு அமலாவதற்கு முந்தைய இரவில், மலர்க்கடை வண்டியிலிருந்த பூக்களைத் தெருவில் கொட்டிவிட்டு மதுப்புட்டிகளை ஏற்றும் காட்சியை நிறுத்தி நிதானமாகப் பாருங்கள்; ஒரு சட்டம் எப்படித் தோற்கப்போகிறது என்பதை வசனமின்றியே வெல்மன் சொல்லிவிடுகிறார். எலுமிச்சை இனத்துக் கிரேப்புரூட்டைக் காதலியின் முகத்தில் காக்னி அழுத்தும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ, பியானோ வாசிப்பவனைக் காக்னி சுடும் இடமே பெரிது. கேமரா சுடப்படுபவனை விட்டு விலகிக் காக்னியின் நண்பனின் முகத்துக்கு வந்துவிட, துப்பாக்கி ஓசையும் சுருதி கலைந்த பியானோவின் ஒலியும் மட்டுமே கேட்கின்றன. பேசும்படம் தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், ஒலியை இவ்வளவு துணிச்சலாகக் கையாண்டது வியப்புக்குரியது.