அத்தையோடு போகட்டும்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. கூச்ச சுபாவம், வகுப்பில் வாயே திறப்பதில்லை என்கிறார் ஆசிரியை. கோடை விடுமுறைக்கு ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். அங்கே என் நாத்தனாரும் வந்து தங்கியிருக்கிறார். வேலையை விட்டு, திருமணமும் வேண்டாமென்று, பைக்கில் ஊர் ஊராகப் போய்க் கோயில்களை வரைபவர். மகள் அவரை விட்டு நகர்வதில்லையாம். போனில் மணிக்கணக்கில் அத்தை புராணம்தான். “நானும் அத்தை போலத் தனியாகத்தான் இருப்பேன்” என்கிறாள். பெண் கெட்டுப்போவாள் என்று மாமியார் பயப்படுகிறார். என்னிடம் இப்படி அவள் பேசியதே இல்லை என்ற வருத்தம் எனக்கு. உடனே அழைத்து வந்துவிடவா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆவடி

பதில்: வேண்டாம், சகோதரி. விடுமுறை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

பெற்றவளிடம் பேசாத பெண் இன்னொருவரிடம் பேசினால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அத்தையோடு சுற்றிய கதைகளை அவள் யாரிடம் வந்து கொட்டுகிறாள்? உங்களிடம்தானே! அந்தப் பேச்சை “சரி, சாப்பிட்டாயா?” என்று நடுவில் வெட்டிவிடாதீர்கள்.

கூச்சமுள்ள குழந்தையைக் கண்டதும் நாம் கேள்விகளை அடுக்குகிறோம். பெயர் என்ன, என்ன படிக்கிறாய், ஏன் பேச மாட்டேன் என்கிறாய்? கேட்டுவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். படம் வரைகிறவர் பார்ப்பது தூணை. ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத் தூண்களில் செதுக்கியிருக்கும் குதிரை வீரர்களை அத்தை மும்முரமாக வரைந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்போதுதான் பேச்சு தானாக வருகிறது. திருவெள்ளறைக்கும் அழைத்துப்போகச் சொல்லுங்கள். அங்குள்ள ஸ்வஸ்திக வடிவக் கிணற்றில் ஒரு பக்கப் படியில் இருப்பவரை மற்றப் பக்கத்தில் இருப்பவர் பார்க்க முடியாது. உங்கள் மகளுக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வளர்ப்பையும் நொந்துகொள்ளாதீர்கள். புதியவற்றைக் கண்டு மிரளும் இயல்பு சில குழந்தைகளிடம் நான்கு மாதத்திலேயே தெரிவதை உளவியலாளர் ஜெரோம் கேகன் கண்டறிந்தார். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் கவனித்து வந்தார்கள். வறுமையிலும் குடும்பச் சச்சரவிலும் வளர்ந்து, பிறகு நன்றாகத் தலையெடுத்தவர்களுக்குத் தங்களை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்திருக்கிறார்: பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ. உங்கள் வீட்டில் அத்தகைய கஷ்டம் இல்லை என்றாலும், அப்படி ஒருவர் கிடைப்பது எந்தக் குழந்தைக்கும் பலம்தான்.

“தனியாகத்தான் இருப்பேன்” என்பதற்காக அவளோடு வாதாடாதீர்கள். ஒன்பது வயதில் பிடித்தவரைப் போலவே ஆக ஆசைப்படுவது இயல்பு. அத்தை மணமாகாமல் வாழ்வது அவருடைய முடிவு. அது தொற்றிக்கொள்ளும் கெட்ட பழக்கம் அல்ல என்று மாமியாரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு. பைக்கில் போகும்போது மகள் தலையிலும் அளவான ஹெல்மெட் இருக்கிறதா? நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது சட்டப்படியே கட்டாயம். கொள்ளிடத்தில் கோடையில் தண்ணீர் குறைவாகத் தெரிந்தாலும், மணல் அள்ளிய பள்ளங்கள் ஆளை விழுங்கும், இறங்கவே கூடாது. மூன்றாவது, “அம்மாவிடம் சொல்லாதே” என்ற பேச்சுக்கு இடமே இருக்கக்கூடாது. நாத்தனார் மேல் சந்தேகம் என்பதால் சொல்லவில்லை. யார் அப்படிச் சொன்னாலும் உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எல்லாக் குழந்தைகளுக்கும் கற்றுத்தர வேண்டும்.

நாத்தனாரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள். “மாதாமாதம் வருவேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் போனால் இந்த மாதிரிக் குழந்தை உடைந்துபோகும். முடிந்ததை மட்டும் சொல்லட்டும். போகிற ஊரிலிருந்து ஓர் அஞ்சலட்டையில் படம் வரைந்து அனுப்பினால் போதும்; இவளும் பதில் எழுதுவாள். “அத்தையிடம் மட்டும் வாய் கிழியப் பேசுகிறாயே” என்று உறவினர் முன்னால் யாரும் கேலி செய்யாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியையிடம் ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: மகள் குறைவாகப் பேசுகிறாளா, ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லையா? வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை பள்ளியில் மாதக்கணக்கில் முற்றிலும் மௌனமாக இருந்தால் அது வெறும் கூச்சமாக இல்லாமல் இருக்கலாம். குழந்தைகள் மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். அந்தப் பொறுப்பை அத்தையின் தலையில் கட்டாதீர்கள்.