எடைக்குச் சாப்பாடு, முதுகுக்குப் பயிற்சி

அன்புள்ள சார்,

எனக்கு வயது 43, எடை 92 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் கணக்கு வேலை. போன வருடம் இடது காலில் வலி இறங்கியது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்5-எஸ்1 டிஸ்க் (முதுகின் அடியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் மெத்தை) பிதுங்கி நரம்பைத் தொடுகிறது என்று வந்தது. இப்போது வலி குறைந்திருக்கிறது. டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். ஜிம்முக்குப் போனால் முதுகு மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்று பயம். அம்மா படுத்து ஓய்வெடு என்கிறார். நண்பர் காலையில் எழுந்ததும் சூரிய நமஸ்காரம் செய் என்கிறார். நீங்களும் முதுகுவலிக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து தொடங்குவது?

கா., திருச்சி

அன்புள்ள கா.,

நான் மருத்துவர் இல்லை. இதே எல்5-எஸ்1 தொல்லையோடு பல வருடம் வாழ்கிறவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. சிறுநீர் வராமல் நிற்பது, மலமோ சிறுநீரோ அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருவோம். எடை குறைய வேண்டுமென்றால் வியர்த்து விறுவிறுக்க ஓட வேண்டும், குதிக்க வேண்டும், கனம் தூக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். முதுகு அதைத் தாங்காதே என்ற கவலை அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் எடைக்கு அரைமணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 150 கலோரி. இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ நாளைக்கு நாலு குடிக்கிறவர் சர்க்கரையை மட்டும் நிறுத்தினாலே ஏறக்குறைய அதே கணக்கு வந்துவிடும். எடையை இறக்கும் வேலையைத் தட்டிடம் கொடுத்துவிடுங்கள். உடற்பயிற்சி முதுகுக்காக. இரண்டையும் பிரித்துவிட்டால் முதுகை வருத்த வேண்டிய அவசியமே இல்லை.

தட்டில் சோற்றைக் குறைத்துக் காய் பொரியலைக் கூட்டுங்கள். சாயங்கால வடை, பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பருப்பு, பயறு, தயிர் என ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டினி கிடந்து எடை குறைப்பவருக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. முதுகெலும்பைப் பிடித்து நிறுத்துவதே தசைதான். மாதம் இரண்டு கிலோ குறைந்தால் போதும்.

அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். முதுகுவலிக்காரர்களுக்கு இரண்டு நாள் படுக்கை, ஏழு நாள் படுக்கை என்று அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்து 1986-இல் வெளியிட்டார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. வேலைக்குப் போகாத நாள்தான் கூடியது. எம்.ஆர்.ஐ. அறிக்கையும் உங்களை ரொம்ப மிரட்ட வேண்டாம். வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வில், 40 வயதில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது.

நண்பரின் யோசனை அவருடைய முதுகுக்குச் சரியாக இருக்கலாம். டிஸ்க் பிதுங்கிக் கால்வலி வந்தவர்கள் பலருக்கு முன்னால் குனிவதுதான் பகை. பச்சிமோத்தாசனம், ஹலாசனம், படுத்தபடி எழுந்து உட்காரும் சிட்-அப், சூரிய நமஸ்காரத்தில் கைகளைத் தரையில் ஊன்றிக் குனியும் நிலை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். எலும்பு முன்னால் நழுவியவருக்கு நேர்மாறு. புஜங்காசனம், சக்கராசனம் போல் பின்னால் வளைவது அவருக்கு ஆகாது. நரம்புப் பாதை சுருங்கியவர் நடந்தால் கால் கடுக்கும், சைக்கிளில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். மூன்று பேருமே ‘முதுகுவலி’ என்றுதான் சொல்வார்கள்! யூடியூப் வீடியோவுக்கு இவர்களில் யார் பார்க்கிறார் என்று தெரியாது.

நேரமும் முக்கியம். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பும். அதனால் எழுந்தவுடன் குனிந்தால் அதன்மேல் அழுத்தம் அதிகம். காலையில் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குனிவதைத் தவிர்த்தவர்களுக்கு வலி குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. குளியலறை வாளியைக் குனிந்து தூக்குவதும் இதில் சேர்த்திதான். ஒரு ஸ்டூல் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு நடையே போதும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாக மூன்று வேளை. அப்புறம், கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் கற்றுக்கொள்ளுங்கள்: இடுப்பு அசையாமல் தலையையும் தோளையும் லேசாகத் தூக்குவது, பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்தும் பிளாங்க், கையும் முட்டியும் ஊன்றி எதிரெதிர்க் கை காலை நீட்டுவது.

எதைச் செய்தாலும் வலி எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள். பாதத்திலிருந்த வலி தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறிச் சுருங்கினால் நல்லது, தொடரலாம். இடுப்பில் இருந்தது காலுக்கு இறங்கினால் அந்த அசைவை அன்றோடு நிறுத்துங்கள். இடுப்பில் சற்றே வலி கூடினாலும் கால் தெளிந்தால் பயப்பட வேண்டாம்.

ஜிம்முக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துப் போகலாம். தரையிலிருந்து கனத்தைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சேரும் அன்றே எம்.ஆர்.ஐ. அறிக்கையை டிரெயினரிடம் காட்டுங்கள். அவர் அதைப் படிக்காமல் எல்லோருக்கும் கொடுக்கும் அட்டவணையையே உங்களுக்கும் நீட்டினால், வேறு ஜிம் பாருங்கள்.