சூரியக் காற்றின் ஆற்றல் பூமியின் காந்தப்புலத்துக்குள் எப்படி நுழைகிறது?

காந்தப்புலம் கேடயமாக இருந்தும் துருவ ஒளி எப்படித் தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சூரியக் காற்றாகச் சூரியனிலிருந்து நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மின்னூட்டத் துகள்களில் பெரும்பாலானவற்றை, சூரியனை நோக்கிய பக்கத்தில் ஏறத்தாழ 10 பூமி ஆரத் தொலைவிலேயே பூமியின் காந்தப்புலம் விலக்கிவிடுகிறது. ஆனால் சூரியக் காற்று சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால், அங்கே வடக்கு நோக்கியிருக்கும் பூமியின் புலக்கோடுகளை (காந்தப்புலத்தின் திசையைக் காட்டும் கற்பனைக் கோடுகளை) அது எதிரெதிராகச் சந்திக்க, இரண்டின் கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று புதிதாக இணைகின்றன. இயற்பியலாளர் ஜேம்ஸ் டங்கி 1961இல் முன்வைத்த இந்த விளக்கத்தில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. இணைந்த கோடுகளைச் சூரியக் காற்று இரவுப் பக்கத்துக்கு இழுத்துச் செல்ல, அங்கே பூமியின் காந்தப்புலம் வால்போல நீண்டிருக்கும் காந்த வாலில் ஆற்றல் சேர்கிறது. அங்கே கோடுகள் மீண்டும் இணையும்போது ஆற்றல் விடுபட்டு, எலக்ட்ரான்கள் துருவப் பகுதிகளை நோக்கிப் பாய்கின்றன. 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே அவை ஆக்சிஜன் அணுக்களைத் தூண்டும்போது, 557.7 நானோமீட்டர் அலைநீளப் பச்சை ஒளி திரைச்சீலைபோல அசைகிறது.