முழங்கால் பனியில் சாமி கும்பிட முடியுமா?

கே: பிப்ரவரியில் ஜப்பானில் யமகதா போகிறோம். அங்குள்ள தேவா சன்சான் என்ற புனித மலைகள் மூன்றையும் பார்த்துவிடலாமா?

ப: முடியாது. 1,984 மீட்டர் உயரமுள்ள கஸ்ஸான், அப்புறம் யுதோனோ, இரண்டு கோவில்களும் குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும். ஆனால் 414 மீட்டர் ஹகுரோ மலை உச்சிக் கோவிலில் மூன்று மலைத் தெய்வங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறார்கள், பனியில் மேலே ஏற முடியாது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்ன! அந்தக் கூரையே சுமார் 2 மீட்டர் தடிமனுக்குப் புல் வேய்ந்தது. கீழேயிருந்து 2,446 கற்படிகள். பனி மூடினால் படி எங்கே, சரிவு எங்கே என்று தெரியாது. அடிவாரத்தில் கொஞ்ச தூரம் இறங்கி 29 மீட்டர் உயர ஐந்தடுக்குக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, உச்சிக்கு பஸ்ஸில் போங்கள். வண்ணமே பூசாத மரம், அடுக்குக்கு அடுக்கு வெள்ளை விளிம்பு. எனக்கு இலையுதிர்காலக் கூட்டத்தைவிட இதுதான் பிடிக்கும்.

கே: நகானோ பக்கத்துத் தோகாகுஷியில் ஒகுஷா என்ற உட்கோவில் வரை நடக்கலாமா?

ப: போக 2 கிலோமீட்டர், வர 2. பாதையில் பனி அகற்ற மாட்டார்கள், முன்னால் போனவர் மிதித்த தடம்தான் வழி, அதை விட்டு ஓரடி விலகினால் தொடை வரை இறங்கிவிடும். பாதி வழியில் புல்கூரை போட்ட சிவப்பு வாசல் இருக்கிறது, அதைத் தாண்டினால் 400 வருஷத்து தேவதாரு மரங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த வாசலோடு திரும்பிவிடலாம். இல்லையென்றால் சாலையோரத்திலேயே இருக்கும் சூஷா என்ற நடுக்கோவில் போதும்.

கே: கும்பிடுமுன் கை கழுவும் கோவில் தொட்டி உறைந்திருந்தால்?

ப: தலை வணங்கிவிட்டு உள்ளே போங்கள்.

கே: என்ன காலணி?

ப: நீர் புகாத பூட்ஸ், அதன் மேல் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பல். மரத்தரையில் ஏறுமுன் பல்லைக் கழற்றிவிடுங்கள். ஏஹேஜி மாதிரி புத்தர் கோவில்களில் பூட்ஸையே கழற்றிவிட்டு நீளநீளமான மரத்தாழ்வாரங்களில் நடக்க வேண்டும், ஈரக் காலுறையோடு அந்தத் தரையில் கால் வைத்தால் எலும்பு வரை குளிரும். பையில் இன்னொரு ஜோடி கம்பளிக் காலுறை கட்டாயம்.

கே: கூரையில் தொங்கும் பனிக்கு அடியில் நின்று போட்டோ எடுக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். வெயில் வந்ததும் அது மொத்தமாகச் சரியும், சத்தம் கேட்கும்போது நகர நேரம் இருக்காது. கயிறு கட்டியிருந்தால் அதற்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.